சாயம் புகாத இடம்

எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயதாக இருந்தபோது, மதுரையில் விளக்குத்தூணுக்கு அருகிலே இருந்த ஒரு ஜவுளிக் கடைக்கு என் அத்தை என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போன அந்த மாலைப்பொழுது, நடுவே எத்தனையோ வருஷங்கள் கழிந்த பின்பும், என் மனத்தில் அப்படியே நிற்கிறது. கடைக்காரர் எடுத்துப் போட்டது சேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. நனைந்து காய்ந்து முறுக்கேறிய கயிறு போல, உடம்பெல்லாம் சிறு சிறு முண்டுகளோடு, இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும்படி சுருண்டு கிடந்தது அது. "பிரிச்சுக் காட்டட்டுங்களாம்மா?" என்று அவர் கேட்க, "ஒரு முழம் மட்டும் பிரிங்க, மிச்சத்தை வீட்ல பாத்துக்கிறேன்" என்றாள் அத்தை. அவர் ஒரு முனையைக் கடைப் பையனிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். சட்டியில் நெல் பொரிவது போன்ற படபட ஓசையோடு முடிச்சுகள் தெறித்து விழ, அரக்குச் சிவப்புத் துணியின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன.

வீடு திரும்பும் வழியில், "இத்தனை பொட்டையும் யாரு அத்தை வெச்சாங்க?" என்று கேட்டேன். "யாரும் வைக்கலைடா. அதெல்லாம் சாயம் போகாத இடம்" என்று அவள் சொன்ன பதில் அன்று எனக்கு விளங்கவில்லை, விளங்காத காரணத்தினாலேயே அது என்னை விடவும் இல்லை. சித்திரக்காரன் வெறுஞ்சுவரின் மேல் வர்ணத்தை வைத்து உருவத்தை உண்டாக்குகிறான். இந்தத் தொழிலாளியோ, துணி முழுவதும் சாயத் தொட்டியில் முங்கப் போகிறது என்பதை அறிந்து, எந்தெந்த இடத்துக்குச் சாயம் போகலாகாது என்பதை மட்டும் முன்கூட்டியே நிச்சயித்து, அவ்விடங்களை நூலால் இறுகக் கட்டியோ மெழுகால் மூடியோ காப்பாற்றிவிட்டு, மற்றதையெல்லாம் சாயத்தின் போக்குக்கே ஒப்படைத்துவிடுகிறான். ஒப்படைத்த பிறகு அதன்மேல் அவனுக்குப் பூரண அதிகாரம் கிடையாது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கட்டின் ஓரத்தில் சாயம் மயிரிழை அளவு கசிந்து உள்ளே புகுந்துவிடும். அவன் நினைத்ததற்கும் சாயம் செய்ததற்கும் நடுவே நிற்கின்ற அந்தக் கசிந்த விளிம்பின் மேல் எனக்கு உண்டான ஆசைதான், பிற்காலத்தில் எங்கே பழந்துணிகளைக் கண்டாலும் அருகே போய் நின்று பார்க்கும் வழக்கமாக வளர்ந்துவிட்டது.

அத்தை வாங்கிய அந்த முடிச்சுச் சேலைக்குச் சுங்குடி என்று பெயர். மதுரையில் சுங்குடித் தொழிலை வளர்த்தவர்கள் சௌராஷ்டிர சமூகத்தார். குஜராத்திலிருந்து புறப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தெற்கு நோக்கி நகர்ந்து, விஜயநகர ராஜ்யத்தின் வழியே வந்து, நாயக்க மன்னர்களின் ஆதரவில் இங்கே நிலைபெற்ற அவர்கள், வீட்டில் பேசும் தங்கள் பாஷையைப் போலவே இந்த முடிச்சு வித்தையையும் வழியில் நழுவ விடாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் பாந்தணி என்று வழங்கும் கலைக்கு இது உடன்பிறப்பு. பேச்சு வழக்கில் நாம் சுங்கடி என்றும் சொல்கிறோம். முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணியை மடித்து, நகத்தால் ஒரு துளியைக் கிள்ளியெடுத்து, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த துளிக்குப் போவார்கள். நெருக்கமான வேலைப்பாடாக இருந்தால் ஒரு சேலைக்கு 20,000 முடிச்சுகள் வரை ஆகும் என்றால், அந்த விரல்களின் பொறுமையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முடிச்சு அவிழ்க்காமலே சேலையை விற்பதற்குக் காரணமும் அதுதான். வாங்குகிறவளுக்கு அந்த முடிச்சுகளைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இது இன்று நேற்று உண்டான வித்தை அன்று. 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில், ஹர்ஷ மன்னனின் தங்கை ராஜ்யஸ்ரீயின் விவாகத்துக்காக அரண்மனையில் நடந்த ஏற்பாடுகளுக்கு நடுவே, கட்டிச் சாயம் தோய்க்கும் துணி வேலையும் வர்ணிக்கப்படுகிறது. 756-ஆம் ஆண்டில் ஜப்பானிய மகாராணி கோமியோ, காலஞ்சென்ற தம் கணவர் ஷோமு சக்கரவர்த்தியின் உடைமைகளை நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்துக்குச் சமர்ப்பித்தார். அவற்றைப் பாதுகாத்த ஷோசோயின் என்னும் மரக் களஞ்சியத்தில் கட்டியது, மெழுகிட்டது, செதுக்கிய பலகைகளுக்கு நடுவே இறுக்கியது ஆகிய மூன்று வகைத் துணிகளும் இன்றளவும் இருக்கின்றன. மெல்லிய துணி அவ்வளவு காலம் நீடித்திருப்பதை நினைக்கும்போது, கற்கோயில்களைப் பற்றி நாம் கொள்ளும் பெருமிதத்தில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

நெய்து முடித்த துணியில் முடிச்சுப் போடுவது ஒரு வகை. நெய்வதற்கு முன்னால் நூலிலேயே கட்டுப் போட்டுச் சாயமேற்றி, பிறகு தறியில் ஏற்றுவது மற்றொரு வகை. இக்கத் என்று உலகமெங்கும் வழங்கிவிட்ட இதில், பாவை மட்டும் கட்டுவதுண்டு, ஊடையை மட்டும் கட்டுவதுண்டு. இரண்டையும் கட்டுகிற இடங்கள் உலகத்தில் மிகச் சில. அவற்றில் தலையாயது வட குஜராத்தைச் சேர்ந்த பாடன் நகரம், அங்கே நெய்யப்படும் பட்டுச் சேலை படோலா.

படோலாவின் சிரமம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். ஒரு பூவிதழ் சிவப்பாக வர வேண்டுமானால், அந்த இடத்தில் நெட்டாக ஓடும் பாவிழையும் சிவப்பாக இருக்க வேண்டும், குறுக்கே வரும் ஊடையிழையும் அதே இடத்தில் சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்று சிவந்து மற்றொன்று வெளுத்திருந்தால் இதழ் சோகை பிடித்தது போல வெளிறிவிடும். ஆகவே தறியைத் தொடுவதற்கு முன்பே, சேலை முழுவதையும் மனக்கண்ணால் நெய்து முடித்து, ஒவ்வோர் இழையின் மீதும் ஒவ்வொரு நிறமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்து, கட்டி, தோய்த்து, அவிழ்த்து, அடுத்த நிறத்துக்காக மறுபடியும் கட்டி, மறுபடியும் தோய்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கும் தறியில் இருவர் சேர்ந்து உட்கார்ந்து நெய்கிறார்கள். கொஞ்ச தூரம் நெய்ததும் நிறுத்தி, ஊசி முனையால் இழைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, நிறத்தோடு நிறம் சேரும்படி சரிசெய்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு சாண் நெய்தால் அதிகம். கட்டுவது முதல் அறுப்பது வரை ஒரு சேலைக்கு நான்கைந்து மாதங்களுக்குக் குறையாது. முடிந்த சேலையில் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லை. யானையும் நங்கையும் மாறி மாறி வரும் நாரீகுஞ்சரம், அரசிலை வடிவத்துப் பான் பாத், போரா முஸ்லிம் பெண்கள் விரும்பிக் கட்டிய கோணக்கட்டக் கோலங்கள் என்று அதன் வகைகளுக்குப் பெயர்கள் உண்டு. துணி கிழிந்தாலும் படோலாவின் கோலம் அழியாது என்பது குஜராத்திகள் சொல்லும் வழக்கு.

அதை நெய்பவர்கள் சால்வி குலத்தார். அவர்கள் பாடனுக்கு வந்ததைப் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோலங்கி அரசன் குமாரபாலன் தினமும் பூஜைக்குப் புதுப் படோலா உடுத்துவது வழக்கமாம். அவை வருகிற ஜால்னா நாட்டின் அரசன் அவற்றை முதலில் தன் படுக்கையின் மேல் விரித்துப் பயன்படுத்திவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டு, கோபங்கொண்டு படையெடுத்து வென்று, 700 சால்விக் குடும்பங்களை ஒரே மூச்சாகத் தன் தலைநகரத்துக்குக் குடியேற்றினானாம். கதை எவ்வளவு தூரம் மெய்யோ, அதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். ஒரு துணிக்காக யுத்தம் மூண்டது என்று ஜனங்கள் நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே எனக்குப் போதும். அந்த 700 குடும்பங்கள் இருந்த ஊரில் இன்று பரம்பரையாக இதைச் செய்யும் வீடுகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம் என்பதுதான் நெஞ்சை அறுக்கும் விஷயம்.

கடலுக்கு அப்பால் படோலா போன கதை இதைக் காட்டிலும் விசித்திரமானது. மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டுமென்று போன வியாபாரிகளுக்கு, அங்குள்ளவர்கள் நாணயத்தைக் காட்டிலும் இந்தியத் துணியையே அதிகமாக விரும்புகிறார்கள் என்பது விரைவில் தெரிந்துபோயிற்று. ஆகவே குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் துணியை வாங்கி, அதை அங்கே கொடுத்து வாசனைச் சரக்குகளை ஏற்றிக்கொள்வது வியாபாரத்தின் வழியாயிற்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியார் உள்ளூர்த் தலைவர்களுக்கு மரியாதைப் பொருளாகப் படோலா வழங்கினார்கள். ஜாவாவின் அரண்மனைகளில் அது சிந்தே என்ற பெயரோடு ராஜ குடும்பத்தின் உடையாயிற்று. புளோரஸ், லெம்பாதா முதலிய கீழைத் தீவுகளிலோ, அது உடையென்ற நிலையையே கடந்து, குலத்தின் பொக்கிஷமாகக் குல வீட்டில் வைத்துப் போற்றப்பட்டது. அந்தத் தீவுகளின் நெசவுக்காரிகள் படோலாவின் எட்டிதழ்ப் பூவைத் தங்கள் பருத்தியில் தங்கள் கைமுறையில் கட்டி நெய்தார்கள். ஜாவாவின் வடகரையில் பெக்கலோங்கான் ஊரார் அதே பூவை ஜிலாம்பிராங் என்று பெயரிட்டு மெழுகில் எழுதினார்கள்.

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் தடுமாறச் செய்தது இதனோடு சேர்ந்த வேறொரு செய்தி. பழைய கெய்ரோவில் ஃபுஸ்தாத் என்னும் இடத்தில், பாழடைந்த நகரத்தின் குப்பை மேடுகளிலிருந்து, சாயமேறாத இடங்களால் கோலமிட்ட குஜராத்துப் பருத்தித் துணிகளின் கந்தல்கள் கிடைத்தன. அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இப்போது ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் காட்சிசாலையில் இருக்கின்றன. அவை எளிய ஜனங்கள் கட்டிக் கிழித்து எறிந்தவை. கிழக்கே, சுலாவேசித் தீவின் மலைநாட்டில் வாழும் தோராஜா ஜனங்களின் வீடுகளில், அதே குஜராத்துத் துணிகள், சில சமயம் அச்சு அசலாக அதே கோலங்களோடு, அரும்பொருளாகப் பேணப்பட்டு, விசேஷச் சடங்குகளின்போது மட்டும் வெளியே எடுக்கப்பட்டு வந்தன. காலத்தைக் கணித்துப் பார்த்ததில் அவற்றுள் சில 500, 600 வருஷங்களுக்கு முற்பட்டவை என்று தெரிந்தது. எகிப்தின் துணிகளை அந்த மண்ணின் வறட்சி காப்பாற்றிற்று என்பதில் ஆச்சரியமில்லை. ஓயாத மழையும் கரையானும் பூஞ்சையும் மலிந்த சுலாவேசியில் ஒரு முழப் பருத்தித் துணி ஆறு நூற்றாண்டு நிலைத்தது, தலைமுறைக்குத் தலைமுறை அதைத் தொடுவதற்கே பயந்த மனிதர்களின் பக்தியினால் அல்லவா? ஒரே ஊரில், ஒருவேளை ஒரே தொட்டியில் தோய்ந்த இரண்டு துணிகளில் ஒன்று குப்பைக்கும் மற்றொன்று பேழைக்கும் போய்ச் சேர்ந்ததை நினைத்துக்கொண்டு நான் தூங்காமல் படுத்திருந்த இரவுகள் உண்டு.

பாலித் தீவில் தெங்கனான் என்றொரு பழைய கிராமம் இருக்கிறது. பாடனைப் போலவே பாவையும் ஊடையையும் கட்டி நெய்யும் கெரிங்ஸிங் என்ற பருத்தித் துணி அவ்வூருக்கு உரியது. கெரிங் என்றால் நோய், ஸிங் என்றால் இல்லை. உடுத்தியவனை நோய் அண்டாது என்பது நம்பிக்கை. நூலை முதலில் ஒருவகைக் கொட்டையின் எண்ணெயில் பல நாள் ஊறவைப்பார்கள். நீலம் தோய்க்கும் வேலையைத் தங்கள் ஊருக்குள் செய்வது ஆசாரக் குறைவு என்பதனால், நூலைப் பக்கத்திலுள்ள புக்புக் கிராமத்துக்கு அனுப்பி அவுரியில் தோய்த்து வாங்கி, பிறகு நம் நுணா மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர்ப்பட்டையால் சிவப்பேற்றுவார்கள். வேண்டிய ஆழம் வரும் வரையில் அந்தச் சிவப்பை மறுபடி மறுபடி ஏற்ற வேண்டியிருப்பதால், ஒரு துணி முடிய வருஷக் கணக்காகும். அவசரப்படுகிறவர்கள் யாரும் அந்த ஊரில் நூலைக் கையில் எடுப்பதில்லை.

இந்தக் கலைக்குப் பல தேசத்தாரும் இட்ட பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. மலாய் மொழியில் இக்கத் என்பது கட்டுவதைக் குறிக்கும். ஒடிசாவின் பாந்தாவும் குஜராத்தின் பாந்தணியும் அப்படியே. ஆனால் புகாராவிலும் பெர்கானாப் பள்ளத்தாக்கிலும் பட்டுப் பாவைக் கட்டி நெய்தவர்கள் அதற்கு மேகம் என்று பொருள்படும் அப்ர் என்ற பாரசீகச் சொல்லைச் சூட்டினார்கள். ஜப்பானியரின் கசூரி என்ற சொல்லோ மங்கலாகத் தெரிவதைச் சுட்டுகிறது. சிலர் வேலையைப் பார்த்துப் பெயரிட்டார்கள், சிலர் அந்தக் கசிந்த விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் பின்னவர்களே கலையின் நெஞ்சைத் தொட்டவர்கள்.

கசூரி என்றதும் இனோவே தென் என்ற பெண்ணை நினைக்காமல் இருக்க முடியாது. 1788-இல் ஜப்பானின் கியூஷு தீவில் குருமே என்னும் ஊரில் பிறந்த அவள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தபோது, உடுத்தி உடுத்தி நிறம் போன பழைய உடுப்பொன்றில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தோன்றியிருப்பதைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான் அது. அவளோ அந்த உடுப்பை இழை இழையாகப் பிரித்து, ஒவ்வோர் இழையிலும் வெளுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று கவனித்து, அதே இடங்களில் புது நூலைக் கட்டி அவுரியில் தோய்த்து நெய்து பார்த்தாள். பழந்துணியில் தற்செயலாக விழுந்த புள்ளிகள் புதுத்துணியில் அவள் இஷ்டப்படி வந்து நின்றன. அவள் பெயரைச் சொல்லி வளர்ந்த குருமே கசூரி ஒரு பிராந்தியத்தின் ஜீவனமாயிற்று. பலருக்கு அதைக் கற்றுக் கொடுத்துவிட்டு 1869-இல் அவள் காலமானாள். அவளுக்கு வந்த கேள்விதான் விளக்குத்தூண் அருகில் எனக்கும் வந்தது. நான் அத்தையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன், அவள் துணியையே கேட்டாள்.

மெழுகைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. மெழுகு உஷ்ணத்தில் உருகும். சாயவேர்ச் சிவப்பு நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் துணியைக் கொதிக்கும் நீரில் இட வேண்டும். ஆகவே மெழுகுக்கு இயல்பான துணை, சூடு அதிகம் வேண்டாத தொட்டியில் புளித்து நுரைத்துக் கிடக்கும் அவுரிதான். அந்தத் தொட்டியில் முங்கி வெளிவரும் துணி முதலில் பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றி, காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரிலேயே நீலமாகும். சோழமண்டலக் கரையில் பூத்துணி எழுதியவர்கள் இதை நன்கு உணர்ந்து, சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரை எழுதிச் சாயவேரில் கொதிக்கவிட்டும், நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்த்தும் இரண்டு நிறங்களையும் ஒரே துணியில் வசப்படுத்தினார்கள். ஜாவாவின் பாத்திக் வேலையில், செம்பினால் ஆன சின்னஞ்சிறு கிண்ணத்துக்கு மூக்கு வைத்தது போன்ற சாந்திங் என்னும் கருவியால், உருகிய மெழுகைக் கோலமாவு இழைப்பது போலப் பெண்கள் இழைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செம்பு அச்சு வந்ததும், அதைப் பிடித்த கைகள் ஆண்களுடையவை. சாய்ந்த அலைகள் போன்ற பாராங் கோலத்தை ஒரு காலத்தில் யோக்யகார்த்தா அரண்மனையைச் சேர்ந்தவரன்றி வேறொருவர் உடுத்தலாகாது என்று விதியிருந்தது.

நம் நாட்டிலும் அரண்மனைக்கென்றே பிறந்த மெழுகுத் துணி ஒன்று உண்டு. கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள கோடாலிக் கருப்பூரில், மெல்லிய பருத்தியில் சரிகைப் பூக்களை நெய்து, அதன்மேல் கோலத்தை மெழுகால் காத்து, கறுத்த சிவப்பில் தோய்த்தெடுத்த சேலைகளும் தலைப்பாகைத் துணிகளும் தஞ்சை மராட்டிய ராஜாக்களுக்காகத் தயாராயின. சிவப்புக்கு அடியிலிருந்து பொன் மின்னுவது அதன் விசேஷம். 1855-இல் சிவாஜி ராஜா காலமாகி, தஞ்சையை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகு, வாங்குவாரில்லாமல் அந்தத் தொழில் தேய்ந்து தேய்ந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. காட்சிசாலைக் கண்ணாடிக்குப் பின்னால் அதன் ஒரு துண்டைக் கண்டபோது, ஆறு மைல் சுற்றளவில் பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கே அதன் பெயர் மறந்துபோனதை எண்ணி எனக்குக் கண் கலங்கிற்று.

மதுரையிலும் முடிச்சுக்குப் பதில் மெழுகை அச்சுக்கட்டையால் ஒற்றித் தோய்க்கும் சுங்குடி வந்து வெகு காலமாயிற்று. அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அதிலும் சாயத்தைத் தடுத்துத்தான் கோலம் பிறக்கிறது, அதைச் செய்கிறவனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வெள்ளைப் பொட்டுகளை வர்ணமாகவே மேலே அச்சடித்து, சுங்குடி என்று பெயர் சொல்லி விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து துணியைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி மறுபக்கமும் வந்திருக்கிறதா, ஒன்றைப் போல மற்றொன்று இல்லாமல் இருக்கிறதா, நூல் கடித்த சுருக்கம் அதன் நடுவிலே தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சோடு கிடைத்தால் இரண்டு மடங்கு விலையானாலும் யோசிக்க வேண்டாம்.

அத்தை அந்தச் சேலையை வீட்டில் பிரித்தபோது ஒரு முனையை எனக்குக் கொடுத்து இழுக்கச் சொன்னாள். தலைப்பின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், "இது இப்படியே இருக்கட்டும்" என்று பிரிக்காமல் விட்டுவிட்டாள். முதல் தடவை நனைக்கும்போது வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு, வேறு துணி எதையும் அதனோடு சேர்க்காமல், அலசிப் பிழியாமல் உதறி, கிணற்றடி வேப்பமர நிழலில் உலர்த்தினாள். தண்ணீர் லேசாகச் சிவந்தது. மறு தடவை சிவக்கவில்லை. இப்போது அது என் பெட்டியில் இருக்கிறது. மடிப்புகளில் நைந்து இரண்டு இடங்களில் கிழிந்திருக்கிறது. தலைப்பின் ஓரத்தில் அந்த முடிச்சுகள் மட்டும், கட்டியவளின் நூலோடு, அப்படியே இறுகிக் கிடக்கின்றன.